அத்தியாயம் 6: சொல்லிக் காட்டாமல் நன்றியை வளர்ப்பது

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று ஒருமுறையாவது சொல்லாத தாய் தகப்பன் நம்மிடையே குறைவு. பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது ஆகும்போது இந்தப் பழமொழி அடிக்கடி வாயில் வரத் தொடங்குகிறது. கேட்டதை வாங்கிக் கொடுத்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புதுச் சட்டையை எடுத்து வந்தால் கலர் சரியில்லை என்கிறது. சாப்பிட்ட தட்டு மேஜையிலேயே கிடக்கிறது. "எவ்வளவு செஞ்சாலும் இதுக்கு நன்றியே இல்லை" என்று மனம் கசந்துவிடுகிறது.

பூந்தமல்லி–ஆவடி சாலையில் இருக்கும் சென்னீர்குப்பம் போன்ற ஊர்களில் இந்தக் கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடக்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை முதலான பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள். வடகிழக்கே 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். கிழக்கே கோயம்பேடு சந்தை. வேலையைத் தேடி வந்து இந்தப் பக்கம் வீடு பிடித்த குடும்பங்கள் ஏராளம். அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு வேறு ஷிப்ட். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இரவு ஓ.டி. முடிந்து திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். பெற்றோர் பிள்ளைக்காக உழைக்கும் நேரமெல்லாம் பிள்ளையின் கண்ணில் படாத நேரமாகவே கழிந்துவிடுகிறது.

கண்ணில் படாத உழைப்புக்கு நன்றி எப்படி வரும்? அதனால்தான் பெற்றோர் அதை வாயால் சொல்லிக் காட்டத் தொடங்குகிறார்கள். சொல்லிக் காட்டுவதால் நன்றி வளர்வதில்லை என்பதையும், அதற்கு மாறாக என்ன செய்தால் வளரும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். சுருக்கமாகச் சொன்னால் முதலில் உறவு, அதன் பிறகே நன்றி. வரிசையை மாற்றினால் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

உறவு முதலில்

ஒருவருக்கு நன்றி தோன்ற வேண்டுமானால் மனம் மூன்று செய்திகளை ஏற்க வேண்டும். இதை ஒருவர் எனக்காகத் தெரிந்தே செய்தார். இதற்காக அவர் எதையோ விட்டுக்கொடுத்தார். என் நன்மையை நினைத்துத்தான் செய்தார். முதல் இரண்டையும் அறிவு கண்டுகொள்ளும். மூன்றாவதை உறவுதான் நம்ப வைக்கும்.

டியூஷன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு நெருக்கமாக இருக்கும் பையன், "நான் கணக்குல திணர்றேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் சேர்த்துவிட்டார்" என்று எடுத்துக்கொள்வான். பேச்சு முறிந்துபோன வீட்டுப் பையன் அதே டியூஷனை, "என்னை வீட்டுல நிம்மதியா இருக்க விடாம அனுப்புறார், மார்க் வாங்கி அவர் பெருமை பேசத்தான்" என்று எடுத்துக்கொள்வான். கட்டிய பணம் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் மனம் வேறு.

பிள்ளைக்கும் பெற்றோருக்குமான பிணைப்பை முறையாக ஆராய்ந்து கோட்பாடாக வகுத்தவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. நம்பிப் பற்றிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி குழந்தைக்கு இருந்தால்தான் அது துணிந்து வெளியுலகத்தைப் பார்க்கும் என்றார். அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவின் கிராமங்களிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மார்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்தார். குழந்தை காட்டும் குறிப்பைத் தாய் சரியாகப் புரிந்துகொண்டு அதற்கு ஈடுகொடுப்பதுதான் பிணைப்பை உறுதியாக்குகிறது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

ஷிப்டில் வேலை பார்க்கும் பெற்றோர் இதைக் கேட்டுத் தெம்பு கொள்ளலாம். நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்பதில்லை. இருக்கும் நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கியே" என்று கேட்கத் தெரிந்தால் போதும். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று உணரும் பிள்ளைதான் பிறர் செய்வதையும் கவனிக்கும்.

திருக்குறளில் அதிகாரங்கள் அமைந்த வரிசையையும் ஒருமுறை பாருங்கள். ஏழாவது அதிகாரம் மக்கட்பேறு. எட்டாவது அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல். அதன் பிறகே பதினோராவதாகச் செய்ந்நன்றி அறிதல் வருகிறது. பிள்ளை பிறந்த வீட்டில் அன்பும், பகிர்ந்து உண்பதும், இனிய பேச்சும் வந்து சேர்ந்த பிறகு நன்றி. வீட்டில் நாமும் இந்த வரிசையைப் பின்பற்றலாம்.

இந்த வயதில் நன்றி வேறு உருவத்தில் வரும்

1938இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 7 வயது முதல் 15 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உன் மிகப் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? சிலர் வாயால் நன்றி சொல்வோம் என்றார்கள். சின்னப் பிள்ளைகளில் பலர் தமக்குப் பிடித்த பொருள் ஒன்றைக் கொடுப்போம் என்றார்கள். வயது ஏற ஏற, பொருள் கொடுப்பது குறைந்தது. அவருக்கு வேண்டியதைச் செய்வேன், அவருக்குத் துணையாக இருப்பேன் என்று உறவை வைத்துச் சொல்லும் பதில்கள் கூடின.

ஐந்து வயதில் ஓடிவந்து முத்தம் கொடுத்து, கையிலிருந்த மிட்டாயைப் பாதி கடித்து நீட்டிய பிள்ளை பதினைந்து வயதில் அப்படிச் செய்யாது. நம் வீடுகளில் அம்மாவிடமும் அப்பாவிடமும் "தேங்க்ஸ்" சொல்லும் வழக்கமும் பெரிதாக இல்லை. சொன்னால் வேற்று ஆளிடம் சொல்வதுபோல இருக்கிறதென்று பெரியவர்களே கூச்சப்படுவார்கள். அதனால் பதின்பருவத்துப் பிள்ளையின் நன்றி பெரும்பாலும் செயலாகவே வரும். நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பது, தண்ணீர் கேன் காலியானதைப் பார்த்து சொல்லாமலே கடைக்குப் போன் போடுவது, உங்கள் செல்போனைச் சார்ஜில் போடுவது, தம்பியைத் தானே பள்ளியில் விட்டுவிட்டு வருவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "இவனுக்கு நன்றியே இல்லை" என்று முடிவு கட்டும் முன், கடந்த ஒரு வாரத்தில் இப்படி ஏதாவது நடந்ததா என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கத் தவறியவையே நாலைந்து தேறும்.

சிடுசிடுப்பும் இந்த வயதோடு வருவதுதான். மூளையின் முன்பகுதி, அதாவது பொறுத்துப் பேசுவதற்கும் பின்விளைவை யோசிப்பதற்குமான பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை இப்போது தன் காலில் நிற்கப் பழகுகிறது. நாம் இன்னொருவரைச் சார்ந்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வது அதற்குச் சங்கடமாக இருக்கும். நன்றி என்பது அந்தச் சார்பை ஒப்புக்கொள்வதும்கூட. அதனால்தான் மனதில் இருந்தாலும் வாய் திறக்காது.

கடனாகச் சொன்னால் கசந்துபோகும்

"நான் மாடா உழைக்கிறது யாருக்காக?" "நாங்க பட்ட கஷ்டத்துல கால்வாசி நீ பட்டிருப்பியா?" "உன் வயசுல நான் வேலைக்குப் போயிட்டேன்." இவை பொய்யில்லை, சொல்பவரின் வலி உண்மையானது. ஆனாலும் கேட்கும் பிள்ளையின் காதில் இவை திருப்பிக் கட்ட வேண்டிய கடன் கணக்காகவே விழுகின்றன.

அமெரிக்க உளவியலாளர் பிலிப் வாட்கின்ஸும் அவருடைய குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் உதவி செய்யும்போது பதிலுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பதைப் படிப்படியாகக் கூட்டி, கற்பனைச் சம்பவங்களாக மாணவர்களிடம் கொடுத்தார்கள். எதிர்பார்ப்பு கூடக்கூட, கடன்பட்டோம் என்ற உணர்வு ஏறியது, நன்றி இறங்கியது. உதவியவருக்குத் தாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம்கூடக் குறைந்தது. நாம் வீட்டில் நாள்தோறும் பார்ப்பதும் இதுதான். கடன்காரர் வந்தால் யாரும் வாசலுக்கு ஓடி வருவதில்லை. பிள்ளையும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறது.

அப்படியென்றால் கஷ்டத்தைச் சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டையின் நடுவே அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். அமைதியான நேரத்தில் செய்தியாகப் பகிருங்கள். சில மாற்றுச் சொற்கள்:

- "உனக்காக ஓ.டி. பார்த்துச் சாகுறேன்" என்பதற்குப் பதில்: "இந்த மாசம் ஸ்கூல் பீஸ் கட்டணும், அதான் ஓ.டி. எடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பேன்."
- "எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு அடக்கமா இருக்கான் பார்" என்பதற்குப் பதில்: "நேத்து நீ பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தியே, எனக்கு நிம்மதியா இருந்துச்சு."
- "ஒரு தேங்க்ஸ் சொல்லத் தெரியுதா உனக்கு?" என்பதற்குப் பதில்: "எல்லார்க்கும் செஞ்சு முடிச்சு உட்கார்றப்ப யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா எனக்கு அலுப்பு போயிடும்."

கடைசி வாக்கியத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பழி சொல்லாமல் கேட்கிறோம். பிள்ளைக்கும் அப்படிக் கேட்கும் வழி பழகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஆறு

ஒன்று: முதல் நன்றி பெற்றோரிடமிருந்து வரட்டும். கடைக்காரருக்கு, ஆட்டோ ஓட்டுநருக்கு, குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளருக்கு நீங்கள் எப்படி நன்றி காட்டுகிறீர்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, கணவனும் மனைவியும் ஒருவர் செய்வதை மற்றவர் மதிப்பது. "குழம்பு நல்லா இருக்கு" என்று அப்பா சொல்லாத வீட்டில் மகன் சொல்ல மாட்டான். பிள்ளைக்கும் நன்றி சொல்லுங்கள். பொதுவாக "குட் பாய்" என்று முடித்துவிடாமல், செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "மழை வர்றதுக்குள்ள துணியை எடுத்து வச்சிட்டியே, நான் பஸ்ல வரும்போது அதைத்தான் நினைச்சுக்கிட்டே வந்தேன்." இப்படிக் கேட்ட பிள்ளைக்கு நன்றியின் ருசி தெரிந்துவிடும்.

இரண்டு: ஷிப்டுக்கு ஏற்ப ஒரு நேரத்தைப் பிடித்து வையுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்ற அறிவுரை ஷிப்ட் வீட்டுக்குப் பொருந்தாது. வாரந்தோறும் ஷிப்ட் மாறும்போது நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் மாலை டீ நேரம். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் நேரம். வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனால் நேரில் சொல்லக் கூசுவதையும் அங்கே சொல்லும். கரையான்சாவடி சிக்னலில் நிற்கும் இரண்டு நிமிடம்கூடப் பேச்சுக்கு உதவும். அந்த நேரத்தில் மார்க், படிப்பு, புத்திமதி மூன்றையும் தள்ளி வையுங்கள்.

மூன்று: உங்கள் உழைப்பைக் கண்ணால் பார்க்க விடுங்கள். ஆயுத பூஜையன்று அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். பொரி, பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் பிள்ளையை உங்கள் மிஷின் பக்கம் கூட்டிப் போங்கள். லேத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் முன்கையில் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சூடான இரும்புச் சுருள் தெறித்துத் தெறித்துப் பட்ட தழும்புகள் அவை. வீட்டில் அவற்றை மச்சம் என்றே நினைத்திருந்த மகளுக்கு அங்கேதான் விஷயம் விளங்கும். ஒரு பீஸை எடுத்து வெர்னியரால் அளந்து காட்டுங்கள். மில்லிமீட்டரில் ஒரு துளி கூடினாலும் ரிஜெக்ட் ஆகிவிடும், நாள் முழுக்க நின்றுகொண்டே அந்த அளவைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்பா களைத்து வருகிறார் என்பதோடு, அப்பா கெட்டிக்காரர் என்பதும் அன்று பதியும். இரக்கத்தைவிட மதிப்பு நெடுநாள் நிற்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கும் அம்மாவும் தன் நாளைச் சொல்லலாம். பல கம்பெனிகளில் செல்போனை உள்ளே எடுத்துப்போக விடமாட்டார்கள். "நான் கூப்பிட்டா அம்மா எடுக்கவே மாட்டாங்க" என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு விவரம் பெரிய ஆறுதல். இடைவேளை எப்போது, அவசரமென்றால் யாருக்குக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நான்கு: வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள், மகனுக்கும் கொடுங்கள். தன் கையால் சோறு வடித்தவருக்குத்தான் சோற்றின் அருமை தெரியும். நம் வீடுகளில் மகள் பத்து வயதிலேயே பாத்திரம் தேய்க்கிறாள். அது அவள் கடமை என்று எடுத்துக்கொள்வதால் யாரும் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. மகனுக்குத் தட்டு உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. அது தன் உரிமை என்று அவன் நினைத்துவிடுகிறான். மகளுக்கு நன்றி மறுக்கப்படுகிறது, மகனுக்கு நன்றியே கற்றுத்தரப்படவில்லை. வாரத்தில் ஒரு வேளை சமையலை மகன் பொறுப்பில் விடுங்கள். வெங்காயம் வாங்குவதிலிருந்து அடுப்பைத் துடைப்பது வரை அவனே செய்யட்டும். உப்பு கூடினாலும் எல்லோரும் சாப்பிட்டு, "நீ செஞ்சது" என்று சொல்லுங்கள். பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வீட்டுக் கணக்கையும் காட்டலாம். வாடகை, சீட்டு, லோன் தவணை, கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மிச்சம் எவ்வளவு என்று அதையே கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். பயமுறுத்தவோ அழவைக்கவோ இதைச் செய்யாதீர்கள். இந்த வீட்டு விவகாரத்தில் உனக்கும் இடம் உண்டு என்று காட்டுவதற்காகச் செய்யுங்கள்.

ஐந்து: நமக்கு உதவியவர்களின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் குடும்பக் கதைகள் பிள்ளைகளை எப்படி வளர்க்கின்றன என்று ஆராய்ந்தவர்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற இருபது கேள்விகளைத் தயாரித்துக் கேட்டார்கள். குடும்பத்தின் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் மன உறுதியும் கூடுதலாக இருந்தன.

நாம் சொல்லும் கதைகளில் ஒரு சிறு மாற்றம் போதும். நாம் பட்ட கஷ்டம் கதையின் நாயகனாக இருக்க வேண்டாம். நமக்குக் கைகொடுத்தவர் நாயகனாக இருக்கட்டும். ஊரிலிருந்து வந்த புதிதில் அட்வான்ஸ் இல்லாமல் வீடு கொடுத்த அக்கா, முதல் வேலைக்குச் சிபாரிசு செய்த நண்பர், பிரசவத்துக்கு நடுராத்திரி ஆட்டோ ஓட்டி வந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தெருக்களில் யார் யாருக்கோ சோறு பொங்கிக் கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்துக்கு அப்போது கிடைத்த உதவியையும், நீங்கள் செய்த உதவியையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். முடிந்தால் அவர்களை ஒருநாள் பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெற்றோர் தமக்குக் கிடைத்ததை மறக்கவில்லை என்று பார்க்கும் பிள்ளை, தானும் மறக்கக் கூடாது என்று சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

ஆறு: நான்கு கேள்விகள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஹஸாங் என்ற உளவியலாளர் குழந்தைகளின் நன்றியுணர்வைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். நன்றியை நான்கு பகுதிகளாக அவர் பிரிக்கிறார்: கவனிப்பது, எண்ணிப் பார்ப்பது, உணர்வது, செய்வது. "தேங்க்ஸ் சொல்லு" என்று நாம் நேராக நான்காவதற்குத் தாவிவிடுகிறோம். மற்ற மூன்றும் நடந்தால் நான்காவது தானே வரும். கேள்விகளாகச் சொன்னால்:

- இது உனக்குக் கிடைக்க யாரெல்லாம் மெனக்கெட்டாங்க?
- அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு நினைக்கிற?
- அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?
- இதுக்கு நீ ஏதாச்சும் செய்யணும்னு தோணுதா?

நான்கையும் ஒரே மூச்சில் கேட்டால் விசாரணை ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ஓர் உரையாடல்

பத்தாம் வகுப்பு மகன் புதுப் போன் கேட்கிறான். வாங்க வசதியில்லை. வழக்கமாக இந்தப் பேச்சு, "நன்றி கெட்டவனே" என்பதில் முடியும். வேறு விதமாகவும் நடக்கலாம்:

"ம்மா, என் பிரண்ட்ஸ் எல்லாரும் புதுப் போன் வச்சிருக்காங்க. எனக்கு மட்டும் இந்த ஓட்டைப் போன்."

"ரொம்ப ஹேங் ஆகுதா?"

"ஆமா. ஆன்லைன் டெஸ்ட்ல பாதியிலயே நின்னுடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது கஷ்டமாத்தான்டா இருந்திருக்கும். நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா மட்டும் வாங்கித் தரப் போறீங்களா?"

"இப்ப முடியாது. தீபாவளி போனஸ் வந்தா பார்க்கலாம். அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது. அதுவரைக்கும் டெஸ்ட் இருக்கிற அன்னிக்கு என் போனை வச்சுக்கோ."

"அப்ப நீ?"

"நான் மத்தியானம் ஷிப்டுக்குப் போனா லாக்கர்லதானே கிடக்குது."

மகன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். அன்றைக்கு "தேங்க்ஸ்" வராமலும் போகலாம். ஆனால் "அப்ப நீ?" என்று அவன் கேட்டுவிட்டான். தன் தேவையிலிருந்து ஒரு நொடி விலகி, கொடுப்பவருக்கு என்ன குறையும் என்று யோசித்துவிட்டான். நன்றி தொடங்கும் இடம் அதுதான். அம்மா முதலில் அவன் அவமானத்தைக் கேட்டாள். பிறகு இல்லை என்றாள். "இல்லை" என்பதை மறைக்கவும் இல்லை, அதற்காகக் குத்திக் காட்டவும் இல்லை.

செய்யக் கூடாதவை

இல்லாதவர்களைக் காட்டி நன்றி கற்பிக்காதீர்கள். "அவங்களைப் பாரு, உனக்கு என்ன குறைச்சல்" என்பது பிறர் துன்பத்தைப் பாடப்பொருளாக்குகிறது. பிள்ளைக்குக் குற்றவுணர்வு வரலாம், அல்லது தான் உசத்தி என்ற எண்ணம் வரலாம்; நன்றி வராது. அதற்குப் பதில், பிறருக்குப் பயன்படும் வேலை கொடுங்கள். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அதுபோன்ற பள்ளிகளின் மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டவும், தேர்வில் சொல்வதை எழுதவும் ஆள் தேவைப்படும். பள்ளி நிர்வாகத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி பிள்ளையை அனுப்பலாம்.

பாட்டி தாத்தாவை ஒற்றர்களாக்காதீர்கள். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பல பிள்ளைகளுக்குப் பிணைப்பே அவர்களோடுதான். அந்த உறவும் நன்றிக்கு அடித்தளம். "நீ இல்லாதப்போ என்னென்ன பண்ணான் தெரியுமா" என்ற பட்டியல் அதைக் குலைத்துவிடும்.

நன்றி என்ற பெயரில் பிள்ளையின் வாழ்க்கையை விலை பேசாதீர்கள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப், எந்தக் கல்லூரி, பின்னாளில் எந்தத் துணை என்று வரும்போது, "வளர்த்ததுக்கு இதுதான் பலனா?" என்ற கேள்வியை வீசினால், அதுவரை செய்த அத்தனையும் பேரம் ஆகிவிடும்.

முக்கியமாக ஒன்று. குடியும் அடியும் உள்ள வீட்டில் பிள்ளையிடம் நன்றியை எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரண்டும் இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம். பிள்ளை வாரக்கணக்கில் யாருடனும் பேசாமல், தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்ததையெல்லாம் விட்டு ஒதுங்கினால் அதை நன்றியின்மை என்று எண்ணி ஏசாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இரண்டு வாரப் பயிற்சி

2008இல் ஜெஃப்ரி ஃப்ரோவும் குழுவினரும் அமெரிக்கப் பள்ளியொன்றில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம் நாள்தோறும் தாம் நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தமக்கு எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்களிடம் மனநிறைவும் நாளையைப் பற்றிய நம்பிக்கையும் கூடுதலாகக் காணப்பட்டன. நம் வீட்டுக்கு ஏற்ப அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்.

முதல் வாரம் பெற்றோருக்கு மட்டும். பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். தினமும் படுக்கும் முன், பிள்ளை அன்று செய்த ஒரு நல்ல காரியத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். மறுநாள் அதை அதனிடம் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லிக் காட்டும் பேச்சு ஒன்றுகூட அந்த வாரம் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் கடினமான பகுதி.

இரண்டாம் வாரம் குடும்பத்துக்கு. சமையலறையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தொங்கட்டும். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஒரு வரி எழுதலாம். ஷிப்ட் மாறி நேரில் பார்க்க முடியாத நாளில் இந்த நோட்டுதான் பேச்சு. பிள்ளை எழுதவில்லை என்றால் கேட்காதீர்கள். அது படித்துக்கொண்டிருக்கும். எழுதச் சொல்லி வற்புறுத்தினால் அது இன்னொரு ஹோம்வொர்க் ஆகிவிடும்.

இரண்டு வாரம் முடிந்ததும், "பையன் மாறிவிட்டானா?" என்று கேட்காதீர்கள். "வீட்டில் பேச்சு கூடியிருக்கிறதா?" என்று கேளுங்கள். கூடியிருந்தால் தொடருங்கள்.

பெற்றோரே, நீங்கள் செய்யும் தியாகம் வீணாகாது. அதை நீங்கள் எண்ணிக் காட்டத் தேவையில்லை. பிள்ளை உங்களை நம்பும்படியும் நெருங்கும்படியும் வைத்துக்கொண்டால், எண்ணிப் பார்க்கும் வேலையை அது தானே செய்துகொள்ளும். சிலருக்கு அது பதினாறு வயதில் வரும், சிலருக்கு முதல் சம்பளம் வாங்கும் அன்று வரும், சிலருக்குத் தமக்கொரு பிள்ளை பிறந்த பிறகுதான் வரும். அந்த நாளுக்காகக் காத்திருக்கும்போது உறவை மட்டும் முறித்துக்கொள்ளாதீர்கள். இன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையின் குறையைச் சொல்லும் முன் அது செய்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள். அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் இந்த ஒன்றைச் செய்துவிட்டு வாருங்கள்.